விளிம்பில் படியும் கறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தீபாவளி, பொங்கல் காலங்களில் சமூக மன்றங்களும் கோயில்களும் வெளியிடும் மின்னிலக்கச் சுவரொட்டிகளில், பின்னணி நீக்கி ஒட்டப்பட்ட குத்துவிளக்கைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடுவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். வடிவமைப்பாளரைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் பல வேளைகளில் பிழை, படத்தைச் சிறிதாக்கிய மென்பொருள் நூலகத்தில், அதாவது பிற செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில், இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பயிலும் நம் இளையர் இத்தகைய நூலகங்களைத் தாங்களே எழுதிப் பார்க்கும்போது இதை மனத்தில் கொள்வது நல்லது.

ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துடன், அது எவ்வளவு மறைக்கும் என்பதைக் குறிக்கும் ஆல்ஃபா என்ற நான்காவது எண்ணும் (0 என்றால் முற்றிலும் ஒளிபுகும், 1 என்றால் முழுமையாக மறைக்கும்) இருக்கலாம். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நிறங்களை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைக்கும் முறையை வகுத்துத் தந்தனர். 1996இல் வந்த பிஎன்ஜி கோப்பு வடிவமோ பெருக்காத நிறங்களையே சேமிக்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. கையில் இருப்பது எது என்று நூலகத்துக்கே தெரியாதபோதுதான் வில்லங்கம் தொடங்குகிறது.

படத்தைச் சிறிதாக்கும்போது அடுத்தடுத்த புள்ளிகளின் சராசரி எடுக்கப்படுகிறது. முழுச் சிவப்புப் புள்ளி ஒன்றும், நிறம் சுழியமாக உள்ள, முற்றிலும் ஒளிபுகும் புள்ளி ஒன்றும் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். பெருக்காத நிலையில் அவற்றின் சராசரியை எடுத்தால், 0 முதல் 255 வரையிலான அளவில் 255 ஆக இருந்த சிவப்பு ஏறத்தாழ 128க்கு இறங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத புள்ளியின் கறுப்பு விளிம்பில் கலந்துவிடுகிறது. பெருக்கிய பின் சராசரி எடுத்து மீண்டும் ஆல்ஃபாவால் வகுத்தால் சிவப்பு 255 ஆகவே நிற்கும், ஆல்ஃபா மட்டும் பாதியாகும். நமது எழுத்துகளின் புள்ளியும் சுழியும் சிறிய அளவில் தெளிவாக நிற்பதும் இதைப் பொறுத்ததே.

ஆகவே பெருக்கிய படத்தையும் பெருக்காத படத்தையும் நூலகம் இரு வேறு தரவு வகைகளாகவே அறிவிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்போதுதான் தவறான கலப்பை, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் நிரல்மொழிபெயர்ப்பியே தடுக்கும். ஆவணத்தில் ஒரு வரி எழுதினால் போதும் என்பாரும் உண்டு; அந்த வரியை அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? அதே வேளையில், 8 பிட் அளவில், அதாவது 0 முதல் 255 வரையிலான முழு எண்களாக, பெருக்கினால், ஆல்ஃபா மிகக் குறைந்த இடங்களில் மூல நிறம் திரும்பக் கிடைக்காது என்பதால், படத்தை வெறுமனே வெட்டுவதற்கும் திருப்புவதற்கும் ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாற்றாமலிருப்பதே முறை.

ஜேபெக் வடிவத்தில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. அதில் சேமிக்கும்போது நூலகம் தானாகக் கறுப்பை நிரப்பாமல், எந்தப் பின்னணி நிறம் வேண்டும் என்று கேட்க வேண்டும். பதில் தரப்படாவிட்டால் சேமிக்க மறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
ஈசூன்