எல்கேஜி கைவேலை பீரியட எடுக்காதீங்க: நம்ம ஸ்கூல் பிடிஏவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

பிடிஏ, அதான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கமிட்டிக்கும் மேனேஜ்மென்ட்டுக்கும், அப்பறம் எல்கேஜி யூகேஜி புள்ளைங்களோட அப்பா அம்மாக்களுக்கும் சேத்தே இத எழுதறேன். ஸ்கூல் பேரு போடலீங்க. நம்ம கேரளா பார்டர்ல, பாலக்காடு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும், இந்தப்பக்கம் கோபாலபுரம் மீனாட்சிபுரம் வரைக்கும் எந்த ஸ்கூல்ல வேணாலும் இப்படி ஒரு மீட்டிங் நடந்திருக்கும், படிக்கறவங்க உங்க ஸ்கூலுன்னே வெச்சுக்குங்க.

போன மீட்டிங்ல ஒரு அப்பா எந்திரிச்சு கேட்டாரு, புள்ள தெனமும் கையில பசையோட வருது, கிழிச்ச பேப்பரும் மண்ணு உருண்டையும் கொண்டாருது, பக்கத்து ஸ்கூல்ல அதே வயசுப் புள்ள ஒன்னுலேர்ந்து நூறு வரைக்கும் எழுதுது, அப்ப நாங்க எதுக்கு பீஸ் கட்டறோம்னு. கைதட்டுனாங்க. அஞ்சு நிமிஷத்துல கைவேலை பீரியட தூக்கிட்டு அந்த முக்கா மணி நேரமும் நாலு கோடு நோட்டுல எழுத வெக்கறதுன்னு தீர்மானம் போட்டாச்சு. நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். 14 வருஷமா சின்னப் புள்ளைங்க க்ளாஸுலயே இருக்கறவ, ஆனா மைக்க பாத்தா நாக்கு மேல ஒட்டிக்கும், அதான் அன்னிக்குப் பேசாததெல்லாம் இப்ப எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

அந்த அப்பா மேல எனக்கு கோவம் ஒன்னுமில்லீங்க. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன். எம் பொண்ண மூணரை வயசுல ஒரு நர்சரியில சேத்தேன், பேரு வேண்டாம், அங்க ஏபிசிடி தெனம் 3 பக்கம் ஹோம்வொர்க்கு. ராத்திரி ஒம்போது மணிக்கு அவ அழுவா, நான் அவ கையப் புடிச்சு எழுத வெப்பேன், பக்கம் ரொம்புனா மறுநாள் நோட்டுல ஒரு ஸ்டார். அவளுக்கு வெரல்ல பென்சில நிறுத்தற தெம்பே வரல, அதனால பெருவெரல மத்த வெரலுக்கு மேல சுத்தி, முஷ்டி மாதிரி புடிச்சு, தோள்லேர்ந்து அமுத்தி அமுத்தி எழுதிப் பழகிட்டா, பேப்பரே ஓட்டையாகும். இப்ப ஏழாங்க்ளாஸ். பரிச்சையில ரெண்டாவது பக்கம் திருப்பறப்பவே கை கடுக்குதுன்னு ஒதறறா. மாத்தலாம்னு போனா எழுத்து இன்னும் கோணிக்குது. அவ பேனா புடிக்கறத பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்த ஸ்டாரு தான் ஞாபகம் வரும்.

நம்ம மணிக்கட்டுல 8 சின்னச் சின்ன எலும்பு இருக்குங்க. பொறந்த கொழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தா அந்த எடம் காலியாத்தான் தெரியும், ஏன்னா அப்ப எல்லாமே குருத்தெலும்பு. மொத வயசுல ரெண்டு எலும்பு இறுகும், அப்பறம் ஒன்னொன்னா வரும், எட்டாவது தெரியறதுக்கு ஒம்போது பத்து வயசு கூட ஆயிடும், பொண்ணுங்களுக்கு கொஞ்சம் முன்ன, பசங்களுக்கு கொஞ்சம் பின்ன. தெம்பும் அப்படியே வரிசையாத்தான் எறங்கி வரும், மொதல்ல தோள், அப்பறம் முழங்கை, மணிக்கட்டு, கடைசியாத்தான் வெரல் நுனி. மூணு வயசுல வட்டம் போட வரும், நாலுல கூட்டல் குறி, அதுக்கப்பறம் சதுரம், அஞ்சு வாக்குல முக்கோணம், டைமண்டு ஆறு ஏழு வயசாகும். சாஞ்ச கோடே இன்னும் வராத நாலு வயசுப் புள்ளகிட்ட கே எழுது எக்ஸ் எழுதுன்னு அடம் புடிச்சா அது என்ன பண்ணும், பென்சில கடிக்கும்.

இதுல நம்ம ஊருப் புள்ளைங்களுக்கு இன்னொரு பாரம். கோயமுத்தூர்ல இருக்கற புள்ளைக்கு ரெண்டு எழுத்து. நம்ம புள்ளைக்கு தமிழ், மலையாளம், இங்கிலீஷுன்னு மூணு. மலையாளத்து அகரத்த எழுதிப் பாருங்க, தொடங்குன எடத்த விட்டுப் போய் சுத்தி வளஞ்சு திரும்பி வரணும், நம்ம இகரமும் ஞகரமும் மட்டும் லேசா என்ன. மூணு விதமான சுழி போடப்போற வெரலுக்கு மத்த ஊரு வெரல விட கூடத்தான் பயிற்சி வேணும், நாம என்னடான்னா இருக்கறதையும் புடுங்கறோம்.

விஜயதசமிக்கு எழுத்தினிருத்துக்கு, அதான் மொத எழுத்து எழுத வெக்கற சடங்குக்கு புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறோமில்ல, தமிழ்க்காரங்க மலையாளத்துக்காரங்க வித்தியாசமில்லாம போறோம். அங்க கொழந்த மடியில உக்காந்து எதுல எழுதுது? தட்டுல பரப்புன அரிசியில, ஆள்காட்டி வெரலால. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துலயும் மணல்ல வெரல வெச்சுத்தான் எழுத்து தொடங்குனாங்க, ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தது அப்பறம்தான். நாம அரிசியில வெரல வெச்சு போட்டோ எடுத்துட்டு அடுத்த வாரமே பென்சிலத் திணிக்கறோம்.

இப்ப ஒரு பையன் கதை. குட்டன்னு வெச்சுக்கலாம், அவன் பேரு அதில்ல. வந்தப்ப நாலு வயசு, போன்ல வெரல ஓட்டறதுல மன்னன், ஆனா டிபன் டப்பாவத் தொறக்க வராது. ஆயாம்மா வர்ற வரைக்கும் மூடி மேல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். ட்ரவுசர் பட்டன் வராது, ஆரஞ்சு உரிக்க வராது, பென்சில் குடுத்தா உருட்டி விட்டுருவான். ரெண்டு மாசம் அவனுக்கு நான் பென்சிலே குடுக்கல. ரெண்டு டம்ளர் கோதுமை மாவு, ஒரு டம்ளர் உப்பு, தண்ணி ஊத்திப் பெசஞ்சு குடுத்தேன், உருட்டு, தட்டு, கிள்ளுன்னு. துணி க்ளிப்ப கயித்துல மாட்டச் சொன்னேன். பழைய பேப்பர கிழிக்கச் சொன்னேன், கிழிக்கறதுன்னா சும்மா இல்லீங்க, ரெண்டு கையும் எதிர் எதிராப் போகணும், பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் நுனியில புடிக்கணும்.

ஸ்கூலுக்குப் பின்னாடி தோப்புல பனையேறற தாத்தா ஒருத்தர் இருக்காரு, கள்ளு எறக்கிட்டு பத்து மணிக்கு சைக்கிள்ல போவாரு. அவரக் கூப்புட்டு, தாத்தா புள்ளைங்களுக்கு ஓலைக் காத்தாடி சொல்லிக் குடுங்கன்னேன். மறுநாள் தென்னங்குருத்தோலை ஒரு கட்டு கொண்டாந்தாரு. மொத நாள் ஈர்க்கு எடுக்கறது மட்டும்தான். ஓலை நுனியில நகத்தால ஒரு கீறு கீறி, ஈர்க்கத் தனியா புடிச்சு மெதுவா இழுத்துக்கிட்டே வரணும், அவசரப்பட்டா பாதியில அந்துபோகும். குட்டனுக்கு ஆறேழு ஓலை வீணாச்சு. ரெண்டாவது நாள் மடிக்கறது. ரெண்டு துண்டு ஓலைய மடிச்சு ஒன்னுக்குள்ள ஒன்னு கோத்து, எடது கைப் பெருவெரல் மடிப்ப நவுராம அமுத்திப் புடிச்சிருக்க, வலது கை வால மடிப்புக்குள்ள விட்டு இழுக்கணும். இவன் வெடுக்குன்னு இழுப்பான், மொத்தமும் கழண்டு வந்துரும். தாத்தா சொன்னாரு, "இழுக்காத சாமி, உக்கார வெய். பாளையக் கட்டறப்பவும் இதே கததான், இறுக்குனா ஒடையும், விட்டா நழுவும்." அஞ்சாவது நாள் உக்காந்துச்சு. நடுவுல ஈர்க்கச் சொருகிக்கிட்டு கிரவுண்டுல ஓடுனான் பாருங்க. நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சும்மா விடுமா, அது பாட்டுக்கு சுத்துது. டிபன் டப்பாவ அவனா தொறந்தது அதுக்கப்பறம் ஒரு வாரத்துல. அத யாரும் போட்டோ எடுக்கல.

போட்டோன்னதும் ஒன்னு சொல்லணும், எங்க பக்கத்துத் தப்பும் இருக்கு. க்ரூப்புல போடறோமே, 30 சிங்கம், முப்பதும் ஒரே மாதிரி பேப்பர் ப்ளேட்டு சிங்கம், அது புள்ளைங்க செஞ்சதில்லீங்க. முந்தின நாள் ராத்திரி டீச்சர்மாருங்க உக்காந்து வெட்டி, மறுநாள் புள்ளைங்க கண்ண மட்டும் ஒட்டுனது. இன்னும் சில ஸ்கூல்ல வீட்டுக்கே அனுப்பிருவாங்க, அப்ப செய்யறது அம்மா, மார்க்கு புள்ளைக்கு. இந்த மாதிரி கைவேலைய வேஸ்டுன்னு அந்த அப்பா சொன்னா நானும் கைதட்டுவேன். புள்ள நெசமா செஞ்சது கோணலாத்தான் இருக்கும், பசை வழியும், சிங்கத்துக்கு அஞ்சு காலு இருக்கும். எனக்கு அதுதான் வேணும்.

மாண்டிசோரின்னு நம்ம ரோட்டுல எத்தன போர்டு தொங்குது. அந்தம்மா 1907ல ரோம்ல மொத ஸ்கூல் தொறந்தாங்க, 1939ல மெட்ராஸ் அடையாறுக்கு வந்தாங்க, யுத்த காலத்துல கொடைக்கானல்ல இருந்தாங்க, நம்மளுக்கு ஒன்னும் தூரத்து ஆளில்ல. அவங்க கட்டையில சின்னக் குமிழ் வெச்சது எதுக்கு? மூணு வெரலால அதத் தூக்கித் தூக்கி வெக்கற புள்ளைக்கு பின்னாடி பென்சில் புடிக்கற புடி தானா வந்துரும்னுதான். போர்டு மட்டும் மாட்டிக்கிட்டு அந்தக் குமிழுக்குப் பதிலா ஒர்க்புக்க குடுத்தா என்ன அர்த்தம்.

கட்டைக்கு காசில்லன்னா பல்லாங்குழி போதுமுங்க. 14 குழி, ஒரு கை புளியங்கொட்டை. கொட்டைய அள்ளி உள்ளங்கையில வெச்சுக்கிட்டு பெருவெரலால ஒன்னொன்னா நுனிக்குத் தள்ளி குழிக்கு ஒன்னா போடணும். நம்ம பாட்டிங்க சிரிச்சுப் பேசிக்கிட்டே வெளையாடுனது பெரிய வேலைங்க, உள்ளங்கையிலிருந்து வெரல் நுனிக்கு ஒரு பொருளக் கொண்டாறதுக்கு தெரபிக்காரங்க தனியா பயிற்சியே வெக்கறாங்க. குருவாயூர் போனா புள்ளைங்க உருளிக்குள்ள கைய விட்டு மஞ்சாடிக்குருவ வாரி வாரிப் போடுமே, அதுவும் கைக்கு நல்ல வேலைதான். ஆனா ஒரு எச்சரிக்கை, முழுசா செவப்பா இருக்கறது மஞ்சாடி, கறுப்புப் பொட்டு வெச்சது குன்னிமணி, குன்னிமணிய கடிச்சா வெஷம், அத க்ளாஸு பக்கமே கொண்டாராதீங்க. மூணு வயசுக்குக் கீழ உள்ளதுகளுக்கு எந்தக் கொட்டையும் வேண்டாம், வாயில போட்டுக்கும், மூக்குல போட்டுக்கும், நான் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கேன்.

ஓணத்துக்கு பூக்களம் போடறப்ப செண்டுமல்லிய உதுத்து இதழ் இதழா பிரிக்கற வேலைய பெரியவங்க எடுத்துக்கறீங்க, அத எல்கேஜிக்கு விடுங்களேன். கிரேயான் ஒடஞ்சா தூக்கிப் போடாதீங்க, சின்னத் துண்டத்தான் வெரல் நுனியில புடிச்சாகணும், முஷ்டியில புடிக்க எடமே இருக்காது. பேப்பர செவுத்துல ஒட்டி நின்னுக்கிட்டே வரைய விடுங்க, மணிக்கட்டு தானா பின்னாடி மடங்கும், எழுதறப்ப வேணுங்கற வாக்கு அதுதான். சுண்டுவெரலுக்கும் மோதிரவெரலுக்கும் அடியில ஒரு பஞ்சு உருண்டைய வெச்சு விழாம புடிச்சுக்கிட்டே கத்தரிக்கோல் ஓட்டச் சொல்லிப் பாருங்க, அந்த ரெண்டு வெரலும் மடங்கி நின்னாத்தான் மத்த மூணும் வேல செய்யும். எடதுகைப் புள்ளைய மட்டும் மாத்தப் பாக்காதீங்க, பத்துல ஒன்னு அப்படித்தான் பொறக்குது.

இதெல்லாம் ஏதோ பழைய டீச்சரம்மாவோட ஆசைன்னு நெனச்சுக்காதீங்க. 2022ல வந்த தேசிய கலைத்திட்டச் சட்டகமே 3லேர்ந்து 6 வயசு வரைக்கும் புள்ளைங்களுக்கு பாடப்புத்தகம் வேண்டாம், வெளையாட்டும் செய்கையும்தான்னு சொல்லுது. அந்தச் சட்டகத்துல வேற எடத்துல எனக்கு ஆயிரம் சண்ட இருக்கு, இதுல இல்ல. நம்ம கேரளாவுலயும் வருஷா வருஷம் ஸ்கூல் புள்ளைங்களுக்கான சாஸ்த்ரோல்சவத்துல ப்ரவ்ருத்தி பரிசய மேளான்னு கைவேலைப் போட்டி நடக்குது, களிமண்ணு, பனையோலை, பாசிமணி, பேப்பர் கிராஃப்டுன்னு அங்கயே உக்காந்து செய்யற போட்டி. அதுல ப்ரைஸ் வாங்கிட்டு வந்தா ஃப்ளெக்ஸ் வெக்கறது நீங்கதான். ஆனா ஸ்கூலுக்கு ஒரு புள்ளைய எடுத்து மேளாவுக்கு முன்னாடி பத்து நாள் ட்ரெயினிங் குடுத்து அனுப்பறோம், மத்த புள்ளைங்க கைக்கு என்ன பதில்?

ஒன்னு மட்டும் பயந்துக்கிட்டே சொல்றேன். எல்லாப் புள்ளையும் ஓலையாலயும் மாவாலயும் சரியாயிரும்னு நான் சொல்ல வரல. அஞ்சு வயசு தாண்டியும் ஸ்பூன் புடிக்க வராம, பட்டன் போட வராம, ஒரு கைய மட்டும் உபயோகிக்கற புள்ள இருந்தா சோம்பேறின்னு திட்டாம பி.ஆர்.சி.ல, அதான் ப்ளாக் ரிசோர்ஸ் சென்டர்ல கேளுங்க, டாக்டர்கிட்டக் காட்டுங்க. கைவேலை பீரியட் இருந்தாத்தான் அந்தப் புள்ள யாருன்னு எங்க கண்ணுல படும்.

அதனால தீர்மானத்த முழுசா ரத்து பண்ணச் சொல்லலீங்க, எடத்த மாத்துங்க. எல்கேஜிக்கு நாலு கோடு நோட்டே வேண்டாம். யூகேஜிக்கு ஓணம் லீவு முடிஞ்சு பத்து நிமிஷத்துல தொடங்கலாம், மீதி முப்பத்தஞ்சு நிமிஷம் கைவேலைக்கே இருக்கட்டும். சிங்கம் போட்டோ இனி க்ரூப்புல வராது, அதுக்கு யாரும் டீச்சர்மாரக் கேள்வி கேக்கக் கூடாது. மாசத்துக்கு ஒரு நாள் அப்பா அம்மா யாராச்சும் ரெண்டு பேர் வந்து புள்ளைங்களோட தரையில உக்காரணும், தறி ஓட்டறவங்க, பூ கட்டறவங்க, தையல்காரங்க யாரா இருந்தாலும் சரி, கைதட்டுன அந்த அப்பாதான் மொதல்ல வரணும்னு எனக்கு ஆச. அவரு வொர்க்ஷாப்புல நட்டு போல்ட்டு திருப்பறவரு, அவரு கைக்குத் தெரியும்.

ஓலைக்கும் மண்ணுக்கும் நான் பொறுப்பு, தாத்தாகிட்ட பேசிட்டேன், காசு வேண்டாம்னுட்டாரு, டீ மட்டும் குடுக்கணுமாம். பிடிஏ பண்டுலேர்ந்து மொனை மழுங்குன கத்தரிக்கோல் 12 வாங்கித் தாங்க, அதுல ரெண்டு எடதுகைக்காரங்களுக்கானதா பாத்து வாங்குங்க, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ல கெடைக்கலன்னா கோயமுத்தூர் போறவங்ககிட்ட சொல்லி விடுங்க.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சுல உக்காந்திருந்த எல்கேஜி டீச்சர்