பேத்தியின் ரைஃபிளை மாற்றும் முன்

கோவை

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். தங்கச்சி நினைவுபடுத்தினால் அவள்மேல் எரிந்து விழாதே.

இங்கே எல்லோரும் நலம். பீளமேட்டுப் பட்டறையை இப்போது முழுக்க மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அது இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. நம் ராமசாமி வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஓசூருக்கே போய்விடுவதாகச் சொல்கிறான். போவதற்கு முன் ஒருமுறை மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சரி, உன் பேத்தி யாழினி விஷயத்துக்கு வருகிறேன். நகையை அடகு வைத்தாவது ஒரு ஜெர்மன் ரைஃபிள் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பிள்ளை நன்றாகத்தான் நிற்கிறாள், ஆனால் ஒரு ஷாட்டுக்கு 10.4, 10.5 பாயிண்ட் என்று போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு 8.9 விழுகிறது, அவளும் அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். உன் மனசு எனக்குப் புரிகிறது. வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போதைக்கு வேண்டாம். அந்த 8.9 எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம். ரைஃபிளிலிருந்து வரலாம், அதில் போடும் ஈயக் குண்டான பெல்லட்டிலிருந்து வரலாம், பிள்ளையின் பிடியிலிருந்தும் வரலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் லட்சங்களைக் கொட்டினால், புது ரைஃபிளிலும் அதே 8.9 வந்து நிற்கும்.

இந்த விளையாட்டின் அளவுகளை நினைத்தால், ஆயுசு முழுக்க கேஜ் பிடித்த எனக்கே பிரமிப்பாக இருக்கிறது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும். அதாவது நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். அங்கிருந்து உள்ளே ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடும். உச்சம் 10.9. அறுபது ஷாட்டும் அப்படியே விழுந்தால் 654. யாழினி சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறாளே இளவேனில் வாலறிவன், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பெண், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெள்ளியை விட்டு வெண்கலத்தோடு நின்றது 0.1 வித்தியாசத்தில். அது பிஸ்டல். அந்த டார்கெட் பெரியது, அங்கே 0.1 என்றால் 0.8 மி.மீ. ரைஃபிளில் அதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் கணக்கில் துப்பாக்கியின் பங்கு என்ன என்று பார். மேட்ச் ரைஃபிளில் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடக்க 0.06 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். குறிபார்க்கும் சைட்டை அதற்கு ஏற்றபடி வைத்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒரு ஷாட்டின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் குறைந்தால், அந்தப் பெல்லட் 0.6 மி.மீ. கூடுதலாகக் கீழே இறங்கும். பிள்ளை எந்தத் தப்பும் செய்யாமலே 0.2 போய்விடும். அதனால்தான் இன்றைய ரைஃபிள்களில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ரெகுலேட்டர் வைக்கிறார்கள். சிலிண்டரில் 180 இருந்தாலும் 100 இருந்தாலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு காற்றுதான் போக வேண்டும். முன்பு கார்பன் டை ஆக்சைடில் சுட்ட காலத்தில் வெயில் ஏறினால் வேகமும் ஏறும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அது பெரும்பாடு.

நாம் சின்ன வயதில் கோனியம்மன் தேர்த் திருவிழாவில் பலூன் சுட்டது வேறு ஜாதித் துப்பாக்கி. குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரகம். விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் முட்டும்போது துப்பாக்கி திரும்பவும் முன்னால் குலுங்கும். இத்தனையும் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்னமே தொடங்கிவிடும். அதனால் பிடி கொஞ்சம் இறுகினாலும் தளர்ந்தாலும் குண்டு வேறு இடத்துக்குப் போகும். ஃபைன்வெர்க்பாவ் 300இல் முழு இயந்திரத்தையும் தண்டவாளம் போன்ற பாதையில் நழுவவிட்டு, அந்த உதை தோளுக்கு வராமல் செய்தார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியிலேயே அவ்வளவு நுணுக்கம். பழைய துப்பாக்கிதான், ஆனால் அந்த யோசனைக்காகவே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

யாழினி வைத்திருப்பது, முன்கூட்டியே அழுத்தக் காற்றை நிரப்பிச் சுடும் பிசிபி ரகம், ரெகுலேட்டரும் உண்டு. அதனால் என் சந்தேகம் முதலில் பெல்லட்மேல்தான். நீ அனுப்பிய டப்பாவிலிருந்து சிலவற்றை எடுத்து, பட்டறையில், பொருளின் நிழலைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் ப்ரொஃபைல் ப்ரொஜெக்டரில் வைத்துப் பார்த்தேன். மைக்ரோமீட்டரால் அளக்கக் கூடாது. ஈயம் மெத்தென்று இருப்பதால் அளக்கும்போதே நசுங்கிவிடும். இருபது மடங்கு பெரிதாக்கினால் 4.5 மி.மீ. பெல்லட் திரையில் 90 மி.மீ. நிழலாக விழும். தட்டைத் தலை, நடுவே ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரியும் மெல்லிய ஸ்கர்ட் எல்லாம் துல்லியமாகத் தெரியும். அதில் ஒன்றில் ஸ்கர்ட்டின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. இன்னொன்றில் தலைக்குக் கீழே ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. வெறுங்கண்ணால் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் நல்ல பெல்லட்தான்.

அந்த ஸ்கர்ட்டில்தான் விஷயம் இருக்கிறது. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அது விரிந்து குழலின் சுவரை அடைக்கும். குழலுக்குள் இருக்கும் திருகுக் கோடுகள் அதைப் பிடித்துச் சுழற்றும். ஒரு பக்கம் மடிந்திருந்தால் காற்று அந்தப் பக்கமாகக் கசியும், பெல்லட் குழலை விட்டு வெளியே வரும்போதே கொஞ்சம் சாய்ந்து வரும். உன் 8.9இல் பாதி இந்த மாதிரி ஆட்களின் வேலையாக இருக்கலாம். டப்பாவைக் கீழே போட்டாலோ, பையில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனாலோ நல்ல பெல்லட்டும் கெட்டுப்போகும். மழைக்காலத்தில் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிட்டால் அந்த டப்பாவைப் போட்டிக்கு எடுக்கவே வேண்டாம்.

எந்த பெல்லட் நல்லது என்று நேரடியாகக் கேட்டிருந்தாய். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச் இவையெல்லாம் உலகப் போட்டிகளில் சுடுபவை. மூன்றுமே நல்லவை. ஆனால் உன் ரைஃபிளின் குழலுக்கு எது ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்கள்கூட வேறு வேறு பெல்லட்டைக் கேட்கும். டப்பாமேல் 4.49, 4.50 என்று தலையின் அளவு போட்டிருப்பார்கள். பத்து மைக்ரான்தானே என்று நினைக்காதே. நம் டூல்ரூமில் பத்து மைக்ரானுக்காக எத்தனை பீஸை ஒதுக்கியிருக்கிறோம்! அந்த வித்தியாசம் குழலுக்குள் பெல்லட் இறுக்கமாக உட்காருகிறதா, தொளதொளவென்று உட்காருகிறதா என்பதைத் தீர்மானிக்கும். அப்புறம் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கின் எண். அதே பெயர், அதே அளவு என்றாலும் வேறு லாட் என்றால் வேறு பெல்லட் என்றே வைத்துக்கொள். ஒத்துப்போகிற லாட் கிடைத்தால், அதே நம்பரில் சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி வைத்துவிடு.

கிளப்பில் சிலர் தராசு வைத்து ஒவ்வொரு பெல்லட்டாக எடை பார்த்துப் பிரிப்பதாக எழுதியிருந்தாய். நல்ல மேட்ச் பெல்லட்டுக்கு அது அவ்வளவு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கைப் பார். 0.53 கிராம் பெல்லட்டில் ஒரு சதவீதம் எடை கூடினால் வேகம் அரை சதவீதம்தான் குறையும். டார்கெட்டில் அது 0.2 மி.மீ.கூட வராது, 0.1 பாயிண்டுக்கும் குறைவு. அந்த நேரத்தில் பிள்ளை கொஞ்சம், பெல்லட் போடாமல் விசையை அழுத்தும் ட்ரை ஃபயர் பழகட்டும். ஸ்கர்ட் மடிந்ததைப் பார்த்து எடுத்துப் போடுவது, ஒரே லாட்டில் நிற்பது, இந்த இரண்டும் அதைவிடப் பலன் தரும்.

சோதனை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். ரைஃபிளை வைஸில், அதாவது பட்டறை மேஜையில் இருக்கும் இறுக்கிப் பிடிக்கும் கருவியில், கட்ட வேண்டும், அதன் தாடையில் தோல் வைத்து. குழலைப் பிடிக்கக் கூடாது, அதன் பின்னால் உள்ள இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனைத்தான் பிடிக்க வேண்டும். பெல்லட் மாற்றும்போதெல்லாம் முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்காதே. முந்தைய ஈயத்தின் படிவு மாறிக் குழல் புதுப் பெல்லட்டுக்குப் பழக வேண்டும். எந்த டப்பா எது என்று சுடுகிறவருக்குத் தெரியாமல் வேறு யாராவது எடுத்துக் கொடுத்தால் நல்லது. ஒரு ரகத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சுட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் சுட்டதற்கும் மதிய வெயிலில் சுட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெல்லட் தலையில் ஏற்றிவிடுவோம்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐந்து ஷாட் குரூப்பை, அதாவது ஒரே குறியில் சுட்ட ஐந்து குண்டுகளின் சிதறலை, வைத்து முடிவு கட்டாதே. ரைஃபிளோடு வரும் டெஸ்ட் கார்டில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் இருப்பதைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். அதே பெல்லட், அதே குழல், அதே வைஸ். ஒரு குரூப் சின்னதாக வரும், அடுத்தது இரண்டு மடங்கு வரும், வெறும் தற்செயலாலேயே. ஓட்டையின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளந்து 4.5 கழிப்பது வழக்கமான முறை. ஆனால் அது கடைசியில் இரண்டே குண்டுகளைப் பற்றித்தான் பேசுகிறது, மற்றவை எங்கே விழுந்தன என்று சொல்வதில்லை. உங்கள் கிளப்பில் எலக்ட்ரானிக் டார்கெட் இருக்கிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் பத்துப் பத்தாக ஐந்து குரூப் சுட்டு, ஒவ்வொரு குண்டும் தன் குரூப்பின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று சராசரி எடு. அந்த எண்ணை நம்பலாம்.

இனி முக்கியமானது. வைஸில் ரைஃபிளும் பெல்லட்டும் சேர்ந்து 1 மி.மீ. சிதறுகிறது, யாழினியின் கையால் 6 மி.மீ. சிதறுகிறது என்று வைத்துக்கொள். இரண்டும் சேர்ந்தால் 7 ஆகாது. இந்தச் சிதறல்கள் வர்க்கமாகத்தான் கூடும்: 36 கூட்டல் 1, அதன் வர்க்கமூலம் 6.1. உலகத்திலேயே சிறந்த பெல்லட் கொடுத்தாலும் அவளுக்கு 0.1 மி.மீ.தான் மிச்சம். அதே நேரம் பெல்லட் மட்டமாக இருந்து தனியாகவே 5 மி.மீ. சிதறினால் மொத்தம் 7.8 ஆகிவிடும். ஆக, மட்டமானதை விலக்குவதில் லாபம் பெரிது. நல்லதிலிருந்து அதைவிட நல்லதற்குத் தாவுவதில் இந்த வயதில் லாபம் கம்மி. வைஸில் எண் சின்னதாக வந்துவிட்டால் ரைஃபிள்மேல் பழி இல்லை.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், பெல்லட்டை நம்பலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் 8.9 வரும்போது அவள் அழ மாட்டாள். சுட்ட கணத்தில் சைட்டின் வளையம் எங்கே நின்றது என்று யோசிப்பாள், தன் மூச்சை, விரலைப் பார்ப்பாள். சந்தேகம் துப்பாக்கிமேல் இருக்கும்வரை அவளால் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது.

ஜெர்மன் ரைஃபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வால்தர் எல்ஜி400, ஃபைன்வெர்க்பாவ் 800, அன்ஷுட்ஸ் 9015 எல்லாம் அருமையான சாமான்கள். அங்கே நீ கொடுக்கும் காசில் பெரும்பகுதி விசையின் சீருக்கும், கன்னப்பலகை, தோள்தட்டு இரண்டையும் உடம்புக்குத் தகுந்த மாதிரி அங்குலம் அங்குலமாக மாற்றும் வசதிக்கும்தான் போகிறது. யாழினி இன்னும் வளர்கிறாள். உயரமும் கைநீளமும் ஒரு நிலைக்கு வரட்டும். அவள் சராசரி 10.3க்கு மேல் நிலையாக நிற்கட்டும். அப்போது நானே கூட வருகிறேன், சேர்ந்து தேர்ந்தெடுப்போம். பழைய ரைஃபிள் யாராவது விற்பதாகச் சொன்னால், முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார். பத்து வருஷம் தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், அதை நிரப்புவதும் ஆபத்து.

மறக்காமல் இன்னொன்று. பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவள் டிஃபன் டப்பாவைத் திறக்கக் கூடாது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்திவிடு.

காலாண்டு லீவில் யாழினியைக் கூட்டிக்கொண்டு நீங்கள் மூவரும் இங்கே வந்துவிடுங்கள். வைஸுக்குத் தோல் தாடை செய்யச் சொல்லிவிட்டேன். இங்கே ரைஃபிள் கிளப்பில் ஒரு லேனுக்கு அனுமதி கேட்டு வைக்கிறேன். வரும்போது இப்போது சுடும் பெல்லட்டில் பிரிக்காத டப்பா ஒன்றை, லேபிளைக் கிழிக்காமல், துணியில் சுற்றிக் கொண்டு வா. ராமசாமியையும் அந்த நாளிலேயே வரச் சொல்கிறேன்.

அன்புடன்,
வேலு