லண்டன் தண்ணீருக்கு நெல்லிக்காய்

அன்புள்ள பாப்பா,

நேற்று வீடியோ காலில் சீப்பைக் காட்டிக் கலங்கினாயே, முதலில் அந்தப் பயத்தை விடு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னும் அதிகமாகக் கொட்டும், அப்புறம் தானாகவே அடங்கும். அதற்கு நீ வாங்கி வைத்திருக்கும் சீரமும் வேண்டாம், என் நெல்லிக்காயும் வேண்டாம். அடங்கவில்லையென்றால் டாக்டரிடம் போய் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்த்துவிடு.

முடி வறண்டு முரடாக இருப்பது வேறு சங்கதி. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். உன் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தலையிலும் படிகிறது. இங்கே சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் வளர்ந்த முடிக்கு அது புதுசு. இதற்குத்தான் நெல்லிக்காய். இங்கே தேக்கா சந்தையில் நான் பச்சையாக வாங்குவதை நீ ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகளில் ஃபிரீசரில் தேடிப் பார்.

ஐந்தாறு காயைக் கொட்டை நீக்கி, இரவே ஊறவைத்த வெந்தயம் இரண்டு கரண்டி, கொஞ்சம் தயிர் சேர்த்து மைய அரை. மெல்லிய துணியில் கட்டாயம் வடிகட்டு, இல்லையென்றால் நார் முடியில் சிக்கிக்கொண்டு நாள் முழுக்க உதிரும். முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவிப் பார்த்துக்கொள். அரிப்பு இல்லையென்றால் மறுநாள் தலையில் தேய்த்து அரை மணி நேரம் வைத்து அலசு. இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம், நெல்லிக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மையாகக் கறுத்துவிடும். பாட்டி வேண்டுமென்றே அப்படி ஊறவைத்து மருதாணியில் கலப்பார், நரைக்கு. நீ செய்தால் வாடகை வீட்டின் வெள்ளைக் குளியல் தொட்டி கறையாகும், அட்வான்ஸும் போகும்!

இணையத்தில் சொல்கிறார்களே என்று வாழைப்பழத்தைப் பிசைந்து பூசாதே. துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொள்ளும், எடுப்பதற்குள் இருக்கிற முடியும் போய்விடும். அதைச் சாப்பிடு. எலுமிச்சைச் சாற்றையும் நேராகத் தலையில் விடாதே, எரியும்.

அலசுவதற்குச் சீயக்காய்த் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக்கொள், கண்ணை இறுக மூடிக்கொள். அந்தக் குளிரில் வாரம் ஒரு தடவை போதும். சனிக்கிழமை பகலில் வைத்துக்கொண்டு, தலை நன்றாகக் காய்ந்தபிறகு வெளியே போ. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும், அதனால் அடுத்த வாரமே போன் பண்ணி ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லாதே.

மாமா மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். சீயக்காய் அரைத்துக் கொடுத்துவிடுகிறேன். பச்சைப்பயறு சேர்க்கட்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா