தத்துக் குட்டிக்கு ஒரு ஊசி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருவில் மீட்ட நாட்டு நாய்க்குட்டிகளையும் கலப்பினக் குட்டிகளையும் தத்துக் கொடுக்கும் முகாம்கள் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தச் செய்திகளில் வரும் 'தடுப்பூசி போட்ட குட்டி' என்ற சொல்லை நம்பித்தான் பல வீடுகளில் குட்டியைப் பறிகொடுக்கிறார்கள்.

ஆறு வாரக் குட்டிக்குப் போடும் முதல் ஊசி பல சமயம் பலிக்காது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் மிச்சமிருந்தால், அது ஊசி மருந்தையே முறித்துவிடும். அது எந்த வாரத்தில் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பப் போடச் சொல்கிறார்கள். வெறிநோய் ஊசி தனிக் கணக்கு: 3 மாதம் ஆனதும் ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில்.

இந்த ஊசிகள் முடிவதற்குள் இடையில் புகுவது பார்வோ என்ற வைரஸ் குடல்நோய். தொற்றிய 3 முதல் 7 நாளில் பெரும்பாலும் தலைகாட்டிவிடும். குட்டி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுக்கும். அப்புறம் வாந்தி, ரத்தம் கலந்து வீச்சமடிக்கும் பேதி. மோர் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஓர் இரவு காத்திருந்தால் கைமீறிவிடும். அன்றைக்கே டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் இந்தக் கிருமி சாகாது. அழுக்கை முதலில் தேய்த்துக் கழுவி, திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் 10 நிமிடம் ஈரமாக நிற்கவிட வேண்டும். மண் தரையில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். அங்கே ஊசிகள் முடியாத அடுத்த குட்டியை விடாதீர்கள்.

குட்டியின் தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து பிய்த்து ஒட்டிய சிறு லேபிள் இருக்கும். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும். பேனாவில் ஒரு டிக் மட்டும் இருந்தால், ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் புதிதாகத் தொடங்குவது மேல்.

வயிறு பானை மாதிரி இருந்தால் கொழுகொழு என்று மகிழ வேண்டாம், பெரும்பாலும் புழுதான். புழு மருந்து 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். நாட்டுக் குட்டிகளுக்கு ஈறு கறுத்திருப்பது சகஜம் என்பதால் சோகையை அங்கே கண்டுபிடிக்க முடியாது. கீழ் இமையை விலக்கிப் பாருங்கள்; வெளுத்திருந்தால் புழுவோ உண்ணியோ ரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். பெரிய நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குட்டிக்குத் தடவக் கூடாது.

சாப்பாட்டில் பெரிய வித்தையில்லை. பாலும் சோறுமே போட்டால் பேதியாகும், எலும்பும் வளையும். வேகவைத்த கோழிக்கறி, முட்டை, குட்டிகளுக்கான உணவு என்று நாளைக்கு நாலு வேளை பிரித்துக் கொடுக்கலாம். சமைத்த எலும்பு வேண்டாம்.

இன்னொன்று. பால்பல்தானே என்று கடியை அலட்சியப்படுத்துகிறார்கள். தெருவிலிருந்து வந்த குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். கீறல் என்றாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும்.

முகாம் நடத்துவோர் 8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டாம். அடுத்த ஊசித் தேதிகளை அட்டையில் எழுதியே கொடுக்கட்டும். தங்கள் நாளிதழும் இனி 'முதல் ஊசி மட்டும் போடப்பட்டது' என்று செய்தியில் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகர், திருச்சி