வாரம் ஒரு கடை போர்டு போட்டோ போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரை வில்லாபுரத்துல இருந்து எழுதுறேன், பதினோரு வருஷமா வெப்சைட், மொபைல் ஆப் டிசைன் பண்றதுதான் பொழப்பு. உங்க ஞாயிறு இணைப்ப சின்ன வயசுல இருந்து படிக்கிற உரிமையில ஒண்ணு கேக்கணும், அதுக்கு முன்னாடி ஏன் கேக்குறேன்னு சொல்லிர்றேன்.

எங்கிட்ட வேலை கத்துக்க வர்றவங்க எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்க. ஆனா ஒரு வேலையக் கையில குடுத்தா இன்ஸ்பிரேஷன் தேடுறேன்னு ட்ரிபிள், பிஹான்ஸ், பின்ட்ரெஸ்ட்னு டிசைன் படம் காட்டுற சைட்டுகளத் தொறந்து வச்சு பொழுதன்னைக்கும் ஸ்க்ரோல் பண்ணிட்டு சாயங்காலம் ஒரு டிசைன் கொண்டு வருவாங்க, பாக்க பளபளன்னு இருக்கும், எந்த ஊரு கடைன்னே தெரியாது. அதுல தமிழப் போட்டாத்தான் சிக்கலே. 'சப்மிட்'னு இங்கிலீஷ்ல ஆறு எழுத்துக்கு அளவெடுத்த பட்டன்ல 'சமர்ப்பிக்கவும்'னு ஒம்பது எழுத்து எப்படி உக்காரும், அதுலயும் நம்ம எழுத்துக்கு அகலம் ஜாஸ்தி. வரி இடைவெளிய இங்கிலீஷுக்கு வைக்கிற மாதிரியே எழுத்து அளவுக்கு 1.2 மடங்குன்னு விட்டா மேல் வரியில இருக்க 'மு', 'ழு'வோட வாலு கீழ் வரியில இருக்க 'பி', 'கீ'யோட தலைக்கு மேல வளையுற விலங்குல போய் இடிக்கும். எங்கம்மா ஒரு ஆப்புல பணம் கட்டுறப்ப 'சமர்ப்பி'ன்னு பாதியில வெட்டுப்பட்டு நின்ன பட்டனப் பாத்துட்டு "இத அமுக்கலாமாடா வேணாமா"ன்னு வெரல எடுக்காம என்னையவே பாத்தாங்க. ரொம்ப உறுத்திருச்சு எனக்கு.

இதுக்கு வழி காட்டுனது தெற்குவாசல் பக்கம் ஒரு கடைச் சுவத்துல எழுதிட்டு இருந்த பெயிண்டர் அண்ணன்தான். டீ குடிக்க நின்னவன் ஒண்ணரை மணி நேரம் அங்கிட்டே நின்னுட்டேன். பொடி தடவுன நூல இழுத்துப் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டுனாரு, கோடு விழுந்துச்சு, ரெண்டு கோடோட நிப்பாட்டல, நாலு கோடு போட்டாரு. நடுவுல எழுத்தோட உடம்பு, மேல ஒரு பட்டை விலங்குக்கு, கீழ ஒரு பட்டை வாலுக்கு. "தம்பி, வாலுக்கு எடம் விட்டுட்டுத்தான் எழுத்தையே ஆரம்பிக்கணும், இல்லைன்னா கீழ போன் நம்பர் எழுதுறப்ப முட்டிக்கும்"ன்னாரு. 'முருகன்'னு எழுதுறப்ப மு-வுக்கும் ரு-வுக்கும் நடுவுல ஸ்கேல் எதுவும் வைக்கல, ரெண்டடி பின்னாடி வந்து கண்ண இடுக்கிப் பாத்துட்டு ரு-வ ஒரு நூலளவு தள்ளி எழுதுனாரு. அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போய் என் டிசைன்ல வரி இடைவெளிய 1.6, 1.7ன்னு ஏத்துனேன், பட்டன எழுத்துக்குத் தக்கன வளர விட்டேன், 'சமர்ப்பிக்கவும்'ங்கிறதையும் 'அனுப்பு'ன்னு நாலு எழுத்துல முடிச்சேன்.

நம்ம மதுரை வீதிங்களும் அந்த அண்ணன் மாதிரியே டிசைன் சொல்லிக் குடுக்கும். மீனாட்சி கோயில நடுவுல வச்சு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளின்னு ஒண்ணச் சுத்தி ஒண்ணு. 'மேல மாசி வீதி'ன்னு சொன்னா போதும், கோயிலுக்கு எந்தத் திசை, எத்தனாவது சுத்து, ரெண்டுமே பேருக்குள்ளயே இருக்கு. நாங்க நேவிகேஷன்னு சொல்லி மண்டைய ஒடைச்சுக்கிறது இதுக்காகத்தான், ஒருத்தர் எந்தப் பக்கத்துக்குள்ள வந்து விழுந்தாலும் தான் எங்க நிக்கிறோம்னு தெரியணும். ஒரு பாத்திரக் கடைக்கு சைட் பண்றப்ப மெனுவுல இருந்த 'எக்ஸ்ப்ளோர்', 'டிஸ்கவர்' எல்லாத்தையும் தூக்கிட்டு பித்தளைக் குடம், பித்தளை விளக்கு, எவர்சில்வர் குடம்னு பேருலயே இடம் தெரியுற மாதிரி வச்சோம். குடம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டு போன் வர்றது நின்னு போச்சுன்னு கடைக்காரரு சந்தோஷமாச் சொன்னாரு.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல பஸ் போர்டப் பாருங்க, ஊர்ப் பேரு பெருசா, வழி சின்னதா. 2005ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம சுங்குடிச் சேலையப் பாருங்க, புள்ளி வரிசை தப்பாது, ஆனா கையால முடிச்சுப் போட்டதுனால ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது.

வெளிநாட்டு டிசைனப் பாக்கவே கூடாதுன்னு சொல்ல வரல, நானும் தினம் பாக்குறேன், கலரு, அனிமேஷன் எல்லாம் அதுல இருந்து நிறைய கத்துக்கிட்டேன். தமிழ் எழுத்த எப்படி உக்கார வைக்கணும்ங்கிறத அதுல தேடுனா கெடைக்காது, அவ்வளவுதான்.

இப்ப கேக்க வந்தது. அந்த அண்ணன் எழுதுன சுவத்து மேலயே போன மாசம் ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டாங்க. இப்படித் தெருவுக்குத் தெரு போயிட்டே இருக்கு. உங்க ஞாயிறு இணைப்புல வாரம் ஒண்ணு, கையால எழுதுன கடை போர்டோ லாரி எழுத்தோ, நல்லாத் தெளிவா பெருசா ஒரு போட்டோ போடுங்க, எழுதுனவரு சம்மதிச்சா அவரு பேரும் சேத்துப் போடுங்க. எங்கிட்ட நானூறு போட்டோவுக்கு மேல இருக்கு, எந்தத் தெரு, எந்த வருஷம்னு குறிச்சு வச்சிருக்கேன், பென்டிரைவ்ல போட்டு நானே ஆபீஸுக்கு வந்து குடுக்குறேன், காசு எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வெப் டிசைனர்,
வில்லாபுரம், மதுரை