வெள்ளை இடி

அன்புள்ள மச்சான்,

போய்வந்துவிட்டோம். அலாஸ்காவின் கிளேசியர் பே வளைகுடா வரைபடத்தை மடிப்பு கிழியும்வரை இரண்டு வருஷமாக விரித்து விரித்துப் பார்த்தவன் நீ. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அதனால் முதல் கடிதம் உனக்குத்தான்.

பார்ட்லெட் கோவ் துறையில் அனுமதிச் சீட்டும் கரடி திறக்க முடியாத உணவு டப்பாக்களும் வாங்கிக்கொண்டோம். பகல் படகு எங்களையும் கயாக்குகள் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகுகளையும் வளைகுடாவின் மேற்குக் கிளையில் இறக்கிவிட்டுப் போனது. அப்புறம் நாலு பேர், மழை, துடுப்பு. அவ்வளவுதான்.

நீ அடிக்கடி சொல்வாயே, 1794-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இங்கே வளைகுடா என்று சொல்ல ஒன்றுமில்லை, பனிச்சுவர்தான் நின்றது என்று. அதே பனி முன்னேறி வந்துதான் இங்கே வாழ்ந்த ஹூனா டிளிங்கிட் பழங்குடி மக்களை ஊரைவிட்டுக் கிளப்பியது. 1916-க்குள் அது சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. துடுப்பைத் தண்ணீருக்குள் விடும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது. வளைகுடா வாசலில் அடர்ந்த ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் காடு. உள்ளே போகப் போக வெறும் புதர். கடைசியில் அதுவும் இல்லை, காடு இன்னும் வந்து சேராத பாறை.

ஜூலை என்பதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்லெட் என்ற குறுகிய கடல்கிளைக்குள் கயாக் போகலாம். பனியாற்றின் முகப்புக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டோம். மிதக்கும் பனிக்கட்டிகள் மேல் கடல்நாய்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. நெருங்கினால் பயந்து தண்ணீரில் விழுந்துவிடும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

சுற்றிலும் ஒரே பொரிகிற சத்தம். எண்ணெயில் கடுகு போட்டது மாதிரி, ஆனால் ரொம்ப மெலிதாக. கையளவு கட்டி ஒன்றைக் காதருகே பிடித்துப் பார்த்தேன். உள்ளே அடைபட்டிருந்த பழைய காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. அது பனியாக விழுந்த காலத்துக் காற்று! எவ்வளவு காலம் அடைந்து கிடந்ததோ.

அப்போது முகப்பிலிருந்து ஒரு துண்டு சரிந்தது. சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு எண்ணும்போது நெஞ்சில் வந்து இடித்தது. டிளிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்கிறார்கள். அதைவிடச் சரியான பெயர் எனக்குத் தோன்றவில்லை. போனில் பதிவு செய்ததைக் கேட்டால் லாரி போகிற மாதிரி இருக்கிறது. அதை உனக்கு அனுப்ப மாட்டேன்.

ஒரு தப்பும் நடந்தது. இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழு மீட்டருக்கு மேலும் வித்தியாசம் வரும். கயாக்கை மேலே ஏற்றிவிட்டோம் என்று நம்பித் தூங்கினோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பின்பக்கம் மிதக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்தோம். கயாக் தப்பியது. உன் வரைபடம் நனைந்துவிட்டது.

இப்போது அது என் மேசைமேல் காய்ந்துகொண்டிருக்கிறது. நீ பென்சிலில் வட்டம் போட்ட இடம் அழியவில்லை. அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஒரு வார்த்தை எழுது. அடுத்த ஜூலைக்கு இரட்டைக் கயாக்கில் முன் இருக்கை உனக்கு.