அந்த 0.7 வோல்ட்

திருகோணமலை
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அந்த நேரம் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள். "டயோட்டின் சந்திக்குள்ளே 0.7 வோல்ட் இருக்கிறது என்றால், அதை வைத்து ஏனப்பா ஒரு சின்ன பல்ப்பைக்கூட எரிக்க முடியாது?" என்று கேட்டாய். விரிவுரையில் எழும்பிக் கேட்கப் பயமாக இருந்தது என்றும் சொன்னாய். பயப்படாதே, பிள்ளை. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

எனக்கு 17 வயதில் உட்துறைமுக வீதியில் ஒரு றேடியோக் கடைக்கு வேலை பழகப் போனேன். தகரக் கூரை. மீன்பிடிக்கப் போகிற ஒருவர் பழைய றேடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். காலையில் நன்றாகப் பாடும், மத்தியானம் ஆனால் குரல் கரகரத்து இழுபடும். நான் பற்றரியை மாற்றினேன், கொண்டென்சரை மாற்றினேன், கடைசியில் ஸ்பீக்கரையும் மாற்றினேன். எனக்கு வேலை பழக்கினவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு துணித்துண்டை நனைத்துப் பிழிந்து, உள்ளே கறுப்புப் பூச்சோடு இருந்த சின்னக் கண்ணாடிக் குழாயின் தலையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டுத் தெளிந்துவிட்டது. அது குரலைப் பெருக்கிக் கொடுக்கிற ஜேர்மானியம் திரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டெயினும் பெல் ஆய்வுகூடத்தில் முதன்முதலாகச் செய்ததும் ஜேர்மானியத்தில்தான்.

செம்புக் கம்பி சூடானால் தடை கூடும். ஜேர்மானியம், சிலிக்கன் போன்ற குறைகடத்தி அதற்கு எதிர்மாறு. சூடு ஏற ஏற, பிணைப்பில் இருந்த இலத்திரன்கள் கழன்று ஓடும், அவை விட்ட இடம் துளையாக நிற்கும். சாதாரண வெப்பநிலையில் சிலிக்கனில் ஏறத்தாழ 5 இலட்சம் கோடி அணுவுக்கு ஒரு இலத்திரன்தான் இப்படிக் கழன்றிருக்கும். ஜேர்மானியத்தில் பிணைப்பு இளக்கம், 200 கோடிக்கு ஒன்று. அதனால்தான் நம்முடைய மத்தியான வெயிலை அதனால் தாங்க முடியவில்லை. சிலிக்கன் தாங்கியது, கடைகளையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டது.

சிலிக்கனில் ஒரு கோடி அணுவுக்கு ஒரு பொசுபரசு அணுவைக் கலந்தால் போதும், ஓடித் திரிகிற இலத்திரன்கள் 5 இலட்சம் மடங்கு கூடிவிடும். அது n வகை. போரன் கலந்தால் துளைகள் கூடும், அது p வகை. டயோட்டுக்குள்ளே இரண்டும் ஒட்டி இருக்கும் இடம்தான் சந்தி, அதை நினைத்துப் பார். நெருக்கமாக இருக்கிற இலத்திரன்கள் ஆளில்லாத பக்கம் பரவும், போய்த் துளைகளில் விழும். ஆனால் அவற்றைத் தந்த பொசுபரசு அணுக்கள் நகராது, நேர் ஏற்றத்தோடு நின்ற இடத்திலேயே நிற்கும். எதிர்ப்பக்கம் போரன் அணுக்கள் மறை ஏற்றத்தோடு நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எழும்புகிற மின்புலம், இனி வருகிற இலத்திரன்களைத் திருப்பித் தள்ளும். பரவலும் தள்ளலும் சரிக்குச் சரி ஆகிறபோது நிற்கிற தடுப்புத்தான் நீ கேட்ட 0.7 வோல்ட்.

அந்தத் தடுப்பு ஏற்கனவே நடந்து முடிந்த இழுபறியின் மிச்சம். டயோட்டின் இரண்டு காலிலும் கம்பியைத் தொடுத்தால், உலோகமும் சிலிக்கனும் தொடும் இடங்களிலும் இப்படியே சின்னச் சின்ன அழுத்தங்கள் உண்டாகும். சுற்றைச் சுற்றி வந்து கூட்டிப் பார்த்தால் பூச்சியம். வேறு மாதிரியும் கேட்டுப் பார்: பல்ப் எரிந்தால் அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? எல்லாம் ஒரே வெப்பநிலையில் சும்மா இருக்கிறபோது தருவதற்கு ஒன்றும் இல்லை. அதே சந்தியில் வெயில் விழட்டும், ஒளி புதிதாக இலத்திரனையும் துளையையும் பிரித்துவிடும், தடுப்பு அவற்றை இரண்டு பக்கமாக ஒதுக்கும், கரண்ட் வரும். பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கிற சூரியத் தகடு அவ்வளவுதான்.

தம்பியும் இப்போது சாதாரண தரத்தில் இதே இடத்தில்தான் தடுமாறுகிறான். பல்ப் கரண்டைத் தின்றுவிடும் என்று நினைக்கிறான். போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறது, விட்டுவிட்டு வருவது சக்தியை மட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். 1 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் 1 அம்பியர் ஓடினாலும் இலத்திரன் மணிக்கு 26 சென்டிமீற்றர்தான் நகரும் என்றதும் நம்பவில்லை, என்னோடு இருந்து கணக்குப் போட்டான். கம்பி முழுக்க இலத்திரன்கள் ஏற்கனவே நிரம்பி நிற்பதால்தான் சுவிட்சைப் போட்டதும் பல்ப் எரிகிறது.

சரி, இப்போது உனக்கு ஒரு வேலை. அம்மா நாளைக்குக் கண்டி பஸ்ஸில் கருவாட்டுப் பார்சல் அனுப்புகிறா. அதற்குள்ளே என்னுடைய மல்டிமீற்றரும் ஒரு சிலிக்கன் டயோட்டும் தனிப் பையில் கட்டி வைத்திருக்கிறேன், மணம் பிடிக்காது. இன்று மத்தியானம் கடையில் 36 பாகை. டயோட் அளக்கும் இடத்தில் மீற்றரை வைத்துப் பார்த்தேன், மீற்றர் தன் பற்றரியால் சின்னக் கரண்டை டயோட்டுக்குள்ளே அனுப்பி 0.552 வோல்ட் காட்டியது. சிலிக்கனில் ஒவ்வொரு பாகைக்கும் இந்த எண் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் மாறும், எந்தப் பக்கம் என்று நீயே யோசி. பேராதனையில் விடியக் காலை, குளிர் இருக்கிறபோது, டயோட்டின் உடம்பைக் கையால் பிடிக்காமல் அளந்து பார். அங்குள்ள வெப்பநிலையையும் குறித்து வை. நான் ஒரு எண் எழுதி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். நீ அளந்து சொன்ன பிறகுதான் அதை எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா